வாலி கேட்ட கேள்வியும் பேத்தி கேட்ட கேள்வியும்

சென்ற மாதம் முழுவதும் மூட்டு வலி. அதனால் எதுவும் எழுத முடியவில்லை. "என்ன ஆயிற்று, பதிவைக் காணோமே?" என்று விசாரித்த நண்பர்களுக்கு நன்றி. வலி கொஞ்சம் தேவலை. விட்டதற்கும் சேர்த்து இந்தத் தடவை சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

பொங்கல் விடுமுறைக்குப் பேத்தி வாலிகண்டபுரம் வந்திருந்தாள். திருச்சியில் சட்டம் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. பி.ஏ., எல்.எல்.பி. என்று இரண்டு பட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்த ஐந்து ஆண்டுப் படிப்பு. திண்ணையில் உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இதுதான் சட்டப் புஸ்தகமா கண்ணு?" என்றார்.

"இல்லை பாட்டி, சமூகவியல். குடும்பம், சாதி, கல்யாண முறை, உறவு முறை எல்லாம் இதில் வரும்."

"வக்கீலுக்குப் படிக்கிறேன்னு போயிட்டு இதையா படிக்கிற? இதுதான் நமக்கே தெரியுமே!"

பேத்தி சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அதையேதான் தாத்தா நானும் கேட்கிறேன். குற்றவியல் சட்டம், ஒப்பந்தச் சட்டம் இதுகளைப் படிக்கவே நேரம் போதவில்லை. நடுவில் எதற்கு வரலாறு, சமூகவியல், அரசியல்? சட்டத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் ஆகாதா?"

முதலில் ஒரு குமாஸ்தாவாகத்தான் பதில் சொன்னேன். "மூன்று ஆண்டு பட்டப்படிப்பு, அதற்குமேல் மூன்று ஆண்டு சட்டப்படிப்பு. கூட்டினால் ஆறு. உனக்கு ஐந்தில் முடிகிறது. ஒரு வருடம் லாபம்தானே?" அவள் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் யோசித்தேன். சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருந்தது. ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த ஊர் கேட்ட கேள்வி

மறுநாள் காலை அவளை வாலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வாலி பூசை செய்த தலம் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. ஊர்ப் பெயரும் அதிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து, "வாலி வதம் படித்திருக்கிறாயா?" என்று கேட்டேன். கதை மட்டும் தெரியும் என்றாள்.

கம்பராமாயணத்தில் அம்பு பட்டு விழுந்து கிடக்கும் வாலி, இராமனைக் குறுக்கு விசாரணை செய்வான். மறைந்து நின்று அடித்தது முறையா என்பதோடு அவன் நிறுத்தவில்லை. தம்பி மனைவியைக் கவர்ந்தாய் என்று இராமன் குற்றம் சாட்டியதும், வாலி ஒரு நல்ல வக்கீலைப் போல எதிர்வாதம் வைப்பான். உங்கள் குலத்துக்கு இருக்கும் திருமண நெறி எங்களுக்குப் படைக்கப்படவில்லை, எங்கள் இனத்தில் மறை சொன்ன மணமுறையே கிடையாது, உங்கள் சட்டத்தை வைத்து எங்களை எப்படித் தீர்ப்பிடுவாய் என்பது அவன் வாதத்தின் சாரம்.

இராமன் இதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. பிறப்பைக் காட்டித் தப்ப முடியாது, நல்லது கெட்டது அறிந்தவனுக்கு அறம் ஒன்றுதான் என்று பதில் சொல்வான். யார் வென்றார் என்று பட்டிமன்றக்காரர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். ஒருவர் வாழ்கிற முறையை அறியாமல் அவருக்குத் தீர்ப்புச் சொல்லலாமா என்பது வாலியின் கேள்வி. அவர் வாழ்கிற முறை என்பதற்காகவே எல்லாவற்றையும் சரி என்று விட்டுவிடலாமா என்பது இராமனின் கேள்வி. இரண்டு கேள்விக்கும் சட்டப் புத்தகத்தில் மட்டும் தேடினால் பதில் கிடைக்காது.

திருச்சி சாலையில், பாடாலூர் பக்கம் ஊட்டத்தூர் இருக்கிறது. அங்கே கோயிலில் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ 1218-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடங்கை தொண்ணூற்றெட்டுப் பிரிவினர் தாங்கள் காசியப முனிவரின் வேள்விக் குண்டத்திலிருந்து தோன்றியவர்கள் என்றும், இனி ஒரு தாய் மக்களைப் போல நல்லது கெட்டதில் சேர்ந்தே நிற்போம் என்றும் கல்லில் எழுதி வைத்தார்கள். எந்த அரசனும் ஆணையிட்டு எழுதச் சொன்னதல்ல. ஒரு சமூகம் தனக்குத் தானே செய்துகொண்ட கட்டுப்பாடு. இந்தப் பக்கத்து மக்களுக்குச் சட்டம் என்பது வெகு காலம் அப்படித்தான் இருந்தது.

சாவடி நீதிமன்றம்

வாசகர்களில் புதியவர்களுக்கு: வாலிகண்டபுரம் என் மனைவியின் ஊர். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினொரு வயது. கொடி முன்பே மாறியிருந்தது, எங்கள் வகுப்பில் பாடம் மட்டும் மாறவில்லை. அந்த வரலாற்றுப் பாடத்தில்தான் இந்த ஊரின் பெயரை முதலில் படித்தேன். 1751 ஜூலையில் இங்கே நடந்த சண்டையில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம். கோட்டைக்குப் பொறுப்பாக இருந்தவர் இரண்டு பேரோடும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் ஆங்கிலப் படை பீதியடைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அந்தப் படையில் கிளைவும் இருந்தார். சில வாரம் கழித்து அவர் ஆற்காட்டைப் பிடித்தார். அதிலிருந்து காற்று திசை மாறியது. இல்லாவிட்டால் இந்த ஊருக்கும் பாரிஸ் சட்டம் வந்திருக்கும், என் மாமனாரும் பிரெஞ்சில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி தமிழர்களுக்காக ஒரு தனி நீதிமன்றம் வைத்திருந்தது. அதற்கு 'ஷோத்ரி' என்று பெயர். ஏதோ பிரெஞ்சுச் சொல் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். நம் 'சாவடி'தான் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இந்தச் சாவடி நன்றாகத் தெரியும். நீதிபதி இருக்கையில் கம்பெனி அதிகாரி. ஆனால் அவருக்கு நம் ஊர் வழக்கம் என்ன தெரியும்? பாகப்பிரிவினை, தத்து, சீதனம், கடன் என்று வழக்கு வந்தால், மொழிபெயர்ப்பவரைக் கேட்பார், சாதித் தலைவர்களைக் கேட்பார், பெரியவர்களிடம் மத்தியஸ்தத்துக்கு அனுப்புவார். 'மாமூல்' என்னவோ அதன்படி தீர்ப்பு. இன்றைக்கு மாமூல் என்றால் வேறு அர்த்தம் ஆகிவிட்டது. அப்போது 'வழிவழியாக வந்த வழக்கம்' என்பதுதான் அதன் பொருள்.

அந்த நீதிமன்றத்தின் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகளை ழான்-குளோத் பொன்னான் என்பவர் தொகுத்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. நமக்கு 'இலக்கியத்தில் வாழ்க்கை' என்று பாடம் உண்டு. அதேபோல 'தீர்ப்பில் வாழ்க்கை' என்று ஒரு பாடம் வைத்தால் இந்தத் தொகுப்பையே வைக்கலாம்.

ஒன்பது பேர் குழு

பிரான்சில் 1804-இல் நெப்போலியன் சிவில் சட்டத் தொகுப்பு வந்தது. 1816 கடைசியில் ஆங்கிலேயரிடமிருந்து புதுச்சேரி திரும்பக் கிடைத்ததும், இங்கேயும் அதைக் கொண்டுவர வேண்டிய நிலை. 1819 ஜனவரி 6-ஆம் தேதிய ஒழுங்குமுறை பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே நடைமுறைப்படுத்தியது. கூடவே மூன்றாவது பிரிவில் ஒரு விலக்கும் தந்தது. இந்தியர்கள், அவர்கள் இந்துக்களானாலும் முஸ்லிம்களானாலும் கிறிஸ்தவர்களானாலும், முன்போலவே தத்தம் சாதியின் சட்ட வழக்கங்களின்படி நீதி பெறுவார்கள் என்பது அதன் கருத்து.

சொல்லியாயிற்று. சாதி வழக்கம் என்ன என்று பிரெஞ்சு நீதிபதிக்கு யார் சொல்வது? அதற்காக 1827 அக்டோபர் 30-இல் ஒன்பது இந்தியர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். இந்தியச் சட்டநெறி ஆலோசனைக் குழு என்று பெயர். நீதிமன்றம் கேள்வி அனுப்பும், குழு கூடிப் பதில் எழுதும். இந்தச் சாதியில் விதவை தத்தெடுக்கலாமா, மூத்த தாரத்துப் பிள்ளைக்கும் இளைய தாரத்துப் பிள்ளைக்கும் பங்கு எப்படி என்பது போன்ற கேள்விகள். புதுச்சேரியில் நீதிபதியாக இருந்த லெயோன் சோர்க் இந்தக் குழுவின் கருத்துரைகளைத் திரட்டி 1897-இல் புத்தகமாகப் போட்டார்.

1838-இல் புதுச்சேரியில் சட்டப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியின் வேர் அதுதான். அங்கே படித்த தமிழ்ப் பையன் நிலையை யோசித்துப் பாருங்கள். காலையில் நெப்போலியன் சட்டத்தைப் பிரெஞ்சில் படிக்கிறான். வழக்காட வருகிறவரோ பாகூர் வேளாளர், வில்லியனூர் கைக்கோளர். அவர்கள் வழக்குக்கு வேண்டியது சாதி வழக்கம். ஆக, ஒரு கையில் சட்டம், இன்னொரு கையில் ஊர். இரண்டையும் தெரிந்தவனே அங்கே வக்கீலாகப் பிழைக்க முடியும். பாடத்திட்டத்தில் 'சமூகவியல்' என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

டச்சுக்காரர்களும் இதையே செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரிடம் அந்த மக்களின் வழக்கங்களை எழுதச் சொன்னார்கள். அதைத் தமிழாக்கி, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி, சரிதான் என்று ஒப்புதல் வாங்கி, 1707-இல் 'தேசவழமை' ஆக்கினார்கள். யாழ்ப்பாணத் தமிழர்களுக்கு அது இன்றும் சட்டம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஆங்கிலேயர் வேறு வழியில் போனார்கள். வங்காளத்தில் பண்டிதர்களை வைத்துச் சமஸ்கிருத தர்ம சாத்திரங்களை மொழிபெயர்த்தார்கள். அதுவே 'இந்துச் சட்டம்' ஆயிற்று. சென்னை மாகாணமும் அதையே பின்பற்றியது. அதாவது, பெரம்பலூர்க் குடியானவரின் பாகப்பிரிவினைக்கு, அவரும் அவர் தாத்தாவும் பெயர்கூடக் கேட்டிராத நூலிலிருந்து விதி எடுத்தார்கள்.

இதை ஓர் ஆங்கிலேயரே எதிர்த்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஜே. எச். நெல்சன், சென்னை மாகாண சிவில் அதிகாரி, பிறகு மாவட்ட நீதிபதி. 1868-இல் மதுரை நாட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். கள்ளர், மறவர், நாயக்கர், கோயில், நிலம் என்று எல்லாவற்றையும் நேரில் விசாரித்து எழுதினார். அதே மனிதர் 1877-இல் சென்னை உயர்நீதிமன்றம் நடத்தும் இந்துச் சட்டத்தைத் தாக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்த மக்களில் பெரும்பாலோர் அந்தச் சாத்திரப்படி வாழ்ந்தவர்களே அல்லர், நீங்களாக ஒரு சட்டத்தைச் செய்து அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. உயர்நீதிமன்ற நீதிபதி இன்னஸ் அதற்குக் கடுமையாக மறுப்பு எழுதினார். நெல்சன் விடவில்லை, 1887-இல் இன்னொரு புத்தகம் போட்டார்.

முதலில் ஊரைப் படித்தார், அதனால்தான் சட்டத்தின் தவறு அவர் கண்ணில் பட்டது. சட்டத்தை மட்டும் படித்தவர்களுக்கு அது தவறாகவே தெரியவில்லை. வாலியின் வாதத்தை ஒரு வெள்ளைக்காரர் எடுத்து வைத்தார் என்று பேத்தியிடம் சொன்னேன். "எங்கள் பாடத்தில் இவர் வரவில்லையே தாத்தா" என்று குறித்துக்கொண்டாள்.

சென்னையில் சட்டப் படிப்பு பட்டப்படிப்புக்குப் பின்னால் வருவதாகவே இருந்தது. 1857-இல் பல்கலைக்கழகம் வந்தது, சட்டக் கல்லூரி 1891-இல். பி.ஏ., பி.எல். என்று பெயர்ப் பலகையில் சேர்த்தே போட்டுக்கொள்வார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி தி. முத்துசாமி ஐயர் தஞ்சைப் பக்கத்து ஏழைப் பிள்ளை. கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்தவர். சட்டப் பட்டம் பின்னால்தான் வந்தது. அதற்கு முன்பே நிலம், வரி, கிராமச் சண்டை எல்லாம் அவருக்கு அத்துப்படி. உயர்நீதிமன்றத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நீதிபதி அங்கியோடு, வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார். சென்னை போனால் பாருங்கள்.

பொன்னுத்தம்பியின் காலணி

வெறுங்கால் என்றதும் எங்கள் புதுச்சேரிக்காரர் ஒருவர் நினைவுக்கு வராமல் போகாது. 1873 ஜனவரியில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர்கள் அப்படி வருவது வழக்கமில்லை என்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி பணியவில்லை. வழக்கு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, வென்றார்.

இங்கே கவனியுங்கள். 'உங்கள் வழக்கத்தை மதிக்கிறோம்' என்று 1819-இல் சொன்னது பெருந்தன்மை போலத் தெரிந்தது. ஆனால் அதே வழக்கம்தான் ஒரு வழக்கறிஞரைச் செருப்பைக் கழற்றச் சொன்னது. சாதி வழக்கப்படி நீதி என்றால், சாதியின் அடியில் கிடப்பவனுக்கு அது நீதி ஆகுமா? இது இராமன் பக்கத்துக் கேள்வி.

அதற்கு ஒரு வழி 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையில் வந்தது. விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, முழுக்கப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்படலாம். துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், பிள்ளை பேரன் எல்லோருக்கும் அது தொடரும். குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லா போர்த்' என்று வைத்துக்கொண்டார். கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாக ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் நிறையப் பேர் போனார்கள்.

இன்றைக்கும் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. அவர்களுக்குப் பழைய பிரெஞ்சு சிவில் சட்டம்தான். அதுவும் இணைப்புக் காலத்தில் இருந்தபடியே நின்றுவிட்ட சட்டம், பிரான்சில் பின்னால் வந்த திருத்தங்கள் இங்கே வராது.

நான் திருப்பி அனுப்பிய மனு

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1976 என்று நினைவு. நான் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். பிரெஞ்சு தெரியும் என்பதால் பழைய பதிவேடுகள் சம்பந்தப்பட்ட கோப்பெல்லாம் என் மேசைக்கு வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிராமத்திலிருந்து வந்தார். அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். ஒரு துண்டு நிலம், ஒரு வீடு. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை, வாரிசுக்கான ஆவணம் வேண்டும் என்றார். பிறப்புப் பதிவு இருந்தது, அதில் தாய் தந்தை பெயர் இருந்தது. அவர் தாத்தா ரெனோன்சான். அப்படியானால் பெற்றோர் கல்யாணம் 'மேரி'யில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவாகியிருக்க வேண்டும். தேடினேன். பதிவு இல்லை.

"கல்யாணமே பதிவாகலையே?" என்றேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? அம்மா ஊர்ல, கோயில்ல தாலி கட்டினாங்க. ஊரே சாப்பிட்டுது" என்றார்.

நான் கோப்பில் எழுதினேன்: 'பெற்றோர் திருமணப் பதிவு இல்லை. மனு ஏற்பதற்கில்லை.' மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையில் மடித்து வைத்துக்கொண்டு போனார். விதிப்படி நடந்துகொண்டேன் என்று எனக்குத் திருப்திகூட.

இரண்டு நாள் கழித்து எங்கள் பிரிவின் மூத்த எழுத்தர் அந்தக் குறிப்பைப் பார்த்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தவர், எல்லோரும் 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, பெண் எந்த ஊர்?" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர்ப் பக்கம் என்றேன். "கல்யாணம் எங்கே நடக்கும்?" பெண் வீட்டில் என்றேன். "அங்கே நம் மேரி ஏது?"

எனக்குப் பொறி தட்டியது. புதுச்சேரியும் தமிழ்நாடும் ஊருக்குள் ஊராகப் பின்னிக் கிடப்பவை. அந்தக் காலத்தில் அங்கே இங்கிலீஷ் ராஜ்ஜியம், இங்கே பிரெஞ்சு ராஜ்ஜியம், நடுவே சம்பந்தம். ஏன், என் அம்மாவும் பண்ருட்டிப் பக்கத்துப் பெண்தான். கல்யாணம் நடந்தது அம்மா ஊரில்தான். எனக்குத் தெரிந்த விஷயம்தானே இது? கோப்பைத் திறந்ததும் அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முசே அலமாரியிலிருந்து சிவில் சட்டத் தொகுப்பை எடுத்து 197-ஆவது பிரிவைக் காட்டினார். இருவர் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்து, இருவருமே இறந்துபோயிருந்தால், கல்யாணப் பதிவைக் காட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் பிள்ளைகளின் உரிமையை மறுக்கக் கூடாது. அவர்களின் பிள்ளைகளாகவே அவர்கள் ஊரில் வாழ்ந்திருக்க வேண்டும், பிறப்புப் பதிவு அதற்கு முரணாக இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

"நெப்போலியனே ஊரைக் கேள் என்றுதான் எழுதி வைத்திருக்கிறான். நீ காகிதத்தை மட்டும் கேட்டிருக்கிறாய். தீர்மானிப்பது நம் வேலை இல்லை. ஊர்ச் சாட்சிகளோடு நீதிமன்றத்துக்குப் போய் ஓர் உத்தரவு வாங்கி வாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பியிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் அதிகமாக வலித்தது.

அன்றைக்கே அவர் விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். பத்து நாளில் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அந்த ஊருக்கே போனேன். வீட்டில் சித்தப்பா குடும்பம் இருந்தது. "அவன் பெண்டாட்டி ஊருக்குப் போயிட்டான்" என்றார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவரை நான் மறுபடி பார்க்கவேயில்லை.

அதன் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். சட்டமும் படிக்க வேண்டும் என்று ஆசை. குடும்பம், இடமாற்றம் என்று முடியாமல் போயிற்று. ஆனால் 2011-இல் ஓய்வு பெறும் வரை, ஒரு மனுவைத் திருப்புவதற்கு முன் மனுதாரரிடம் மூன்று கேள்வி கேட்காமல் நான் திருப்பியதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எப்படி நடந்தது? விதியில் அந்தக் கேள்விகள் இல்லை.

பேத்திக்குச் சொன்ன பதில்

ஐந்து ஆண்டுச் சட்டப் படிப்பை இந்திய வழக்கறிஞர் மன்றம் 1980-களில் கொண்டுவந்தது. பேராசிரியர் மாதவ மேனன் தலைமையில் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி தொடங்கிய பிறகு அந்த முறை நாடெங்கும் பரவியது. திருச்சியில் 1979 முதலே அரசு சட்டக் கல்லூரி உண்டு. 2012-இல் தமிழ்நாடு தேசியச் சட்டப் பள்ளிக்கும் சட்டம் நிறைவேறி, நாவலூர் குட்டப்பட்டில் அது நடக்கிறது. வாலிகண்டபுரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தூரம். பிளஸ் டூ முடித்த ஒரு கிராமத்துப் பெண், சட்டத்தோடு வரலாற்றையும் சமூகவியலையும் ஒரே கூரையின் கீழ் படிக்கலாம். நாங்கள் இருந்த காலத்தில் இது கனவு.

பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதும் சரிதான், இதெல்லாம் நமக்கே தெரியும். ஆனால் அது அவர் ஊரைப் பற்றி, அவர் தெருவைப் பற்றி. நாளைக்கு என் பேத்தி முன்னால் வந்து நிற்பவர் வேறு தெருக்காரர். அந்தத் தெருவில் கல்யாணம் எப்படி நடக்கிறது, சொத்து யார் கையில் இருக்கிறது, யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அவருக்கு உதவ முடியும். அந்தத் தெரு வழக்கத்தில் எது காக்கத் தக்கது, எது பொன்னுத்தம்பியின் செருப்பைக் கழற்றச் சொன்னது போன்றது என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். முதலாவது வாலிக்குச் சொல்ல வேண்டிய பதில், இரண்டாவது இராமனுக்கு. அதற்குத்தான் அந்த இரண்டாவது படிப்பு.

இதையெல்லாம் குளத்துப் படியிலேயே உட்கார்ந்து சொல்லி முடித்தேன். வெயில் ஏறிவிட்டது. பேத்தி கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த ஆளுக்கு நிலம் கிடைத்திருக்குமா தாத்தா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

ஊருக்குக் கிளம்பும்போது அந்தச் சமூகவியல் புத்தகத்தை எடுத்து வைக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். பையில் முதலில் அதுதான் போயிற்று. கூடவே, ஊட்டத்தூர் கல்வெட்டைப் பார்க்க வேண்டும், அடுத்த விடுமுறையில் அழைத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறாள். மூட்டு வலி அனுமதித்தால் போய் வந்து எழுதுகிறேன்.

உங்கள் குடும்பங்களிலும் இப்படி எல்லை தாண்டிய கல்யாணக் கதைகள், பதிவில்லாத பத்திரக் கதைகள் இருக்கும். நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.